முகப்பருவும் மருந்துச் சீட்டும்

(நம் சங்கத்தின் திருவனந்தபுரம் கிளை மாதக் கூட்டத்தில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டங்களில் வழக்கமாகச் சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி என்றுதான் டாக்டர்கள் பேசுவார்கள். இந்தத் தடவை முகப்பருவைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். "பரு ஒரு வியாதியா? வயசானால் தானே போய்விடுமே" என்று பின் வரிசையில் ஒரு மாமா சொல்வது என் காதில் விழுகிறது. பலருக்குப் போய்விடும், வாஸ்தவம். சிலருக்குக் குழி விழுந்த தழும்பை விட்டுவிட்டுப் போகும். தழும்பு விழுந்த பிறகு அதைச் சரிசெய்வது பருவைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கஷ்டம். பதினாறு வயதுக் குழந்தை காலேஜ் அட்மிஷனுக்கு போட்டோ எடுக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பதும், பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீடே அவள் முகத்தைப் பார்த்துக் கவலைப்படுவதும் நமக்குப் புதிதல்ல. அந்தக் கவலையில் அவசரம் வருகிறது. அவசரத்தில் தப்பான ட்யூப் கைக்கு வந்து சேருகிறது.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். முகப்பருவுக்கு ரெட்டினாய்டு என்று ஒரு நல்ல மருந்து வகை இருக்கிறது. யாருக்கு எழுதிக் கொடுத்ததோ அவர் மட்டும், எழுதிய அளவில், எழுதிய காலம் வரை உபயோகித்தால் அது நன்றாக வேலை செய்யும். நம் அகங்களில் தீபாவளி பட்சணம் போல மருந்தையும் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் உண்டு. பெங்களூரில் இருக்கும் பெண்ணுக்குக் கேட்டது என்று மும்பையில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கைக்குப் பெயரை எழுதி அனுப்புவோம். இந்த மருந்தில் அது கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

பரு எப்படி உண்டாகிறது?

நம் தோலில் ஒவ்வொரு ரோமக் காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன் மாறும்போது எண்ணெய் அதிகம் சுரக்கும். அதே சமயம் ரோமக் காலின் உள்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் சரியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும். இந்த அடைப்பு முதலில் கண்ணுக்கே தெரியாது. பிறகு வெண்புள்ளியாகவோ கரும்புள்ளியாகவோ தெரியும். கரும்புள்ளி என்றால் அழுக்கு என்று நினைத்துக் குழந்தையைத் தேய்த்துத் தேய்த்து முகம் கழுவச் சொல்கிறார்கள். அது அழுக்கு இல்லை. அடைப்பின் மேல்பகுதி காற்றுப்பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். அடைப்புக்குள் தோலில் எப்போதும் வாழும் ஒருவகை பாக்டீரியா பெருகும், வீக்கம் உண்டாகும், சீழ் கோக்கும்.

ஆகவே, வெளியே தெரிகிற பத்துப் பருக்களை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் போதாது. அடுத்த மாதம் வரப்போகிற பருக்கள் இன்றைக்கே அடைப்பாக உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அந்த அடைப்பை நீக்கி, மறுபடி அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ரெட்டினாய்டின் வேலை. வீக்கத்தையும் அது ஓரளவு குறைக்கும்.

வைட்டமின் ஏ தந்த மருந்து

ரெட்டினாய்டு என்பது வைட்டமின் ஏ-யின் குடும்பம். இந்த வைட்டமினுக்கும் தோலுக்கும் உறவு இருப்பதைக் காட்டியதில் நம் பக்கத்து மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. கொழும்பில் பணிபுரிந்த லூசியஸ் நிக்கல்ஸ் என்ற டாக்டர், சத்தில்லாத உணவு உண்டவர்களின் முழங்கையிலும் முழங்காலிலும் ரோமக் கால்கள் அடைத்து, தோல் தேரையின் முதுகைப் போலச் சொரசொரவென்று ஆவதைக் கவனித்து, 1933-இல் அதற்கு 'ஃப்ரினோடெர்மா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் தேரைத்தோல் என்று அர்த்தம். வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்று அப்போது கருதினார்கள். வேறு சத்துக் குறைவுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. ரோமக் கால் அடைப்பதற்கும் இந்த வைட்டமினுக்கும் சம்பந்தம் உண்டு என்ற எண்ணம் மட்டும் மருத்துவர்கள் மனதில் நின்றது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மன், வைட்டமின் ஏ அமிலமான ட்ரெட்டினாயினை முகப்பருவில் தடவிப் பார்த்த முடிவுகளைத் தம் சகாக்களுடன் 1969-இல் வெளியிட்டார். 1971-இல் அது 'ரெட்டின்-ஏ' என்ற பெயரில் அந்த நாட்டில் அனுமதி பெற்றது. இந்தக் கதைக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. கிளிக்மன் பல வருஷங்கள் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள் மீது தோல் பரிசோதனைகள் நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். அதற்காகப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு 2021-இலும், பிலடெல்பியா நகரம் 2022-இலும் மன்னிப்புக் கேட்டன. ஒரு ட்யூப் நம் கைக்கு வருவதற்கு முன் எத்தனை பேர் எதை அனுபவித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அதை அலட்சியமாகக் கையாள மனம் வராது.

1996-இல் அடாபலீன் என்ற அடுத்த ரெட்டினாய்டு வந்தது. இது எரிச்சல் குறைவானது. நம் நாட்டில் தோல் மருத்துவர்கள் அதிகம் எழுதுபவை இந்த இரண்டும்தான். ட்ரெட்டினாயின் 0.025, 0.05, 0.1 சதவீதம் என்று வரும். அடாபலீன் பெரும்பாலும் 0.1 சதவீதம். சதவீதம் கூடினால் பரு சீக்கிரம் போகும் என்று நினைக்க வேண்டாம். எரிச்சல்தான் முதலில் கூடும்.

எப்படித் தடவ வேண்டும்?

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். "அந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்தியவர்களில் பலர் தடவும் முறை தெரியாமல் நிறுத்தியவர்கள்.

ராத்திரி படுக்கப் போகும்முன் மிருதுவான சோப்பால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, கால் மணி முதல் இருபது நிமிஷம் காய விட வேண்டும். ஈர முகத்தில் தடவினால் எரிச்சல் அதிகமாகும். பிறகு ஒரு பட்டாணி அளவு எடுத்து, நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, முகவாய் என்று பொட்டுப் பொட்டாக வைத்து, முகம் முழுவதும் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். அந்த ஒரு பட்டாணிதான் மொத்த முகத்துக்கும். பரு இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைப்பது தப்பு. வரப்போகிற பருவுக்கும் சேர்த்துத்தானே மருந்து? கண்ணைச் சுற்றியும், மூக்கின் ஓரத்திலும், உதட்டோரத்திலும் படக்கூடாது.

முதல் இரண்டு மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தோல் பழகிய பிறகு தினமும் தடவலாம். வறட்சி தெரிந்தால் மேலே மாய்ஸ்சரைசர் போடலாம். மிகவும் மிருதுவான தோல் என்றால் மாய்ஸ்சரைசரை முதலில் போட்டு, அதன் மேல் மருந்தைத் தடவச் சொல்வதும் உண்டு. காலையில் முகம் கழுவிவிட்டு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் அவசியம். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு எட்டரை டிகிரி வடக்கே. மழை மேகம் மூடியிருந்தாலும் இங்கே வெயிலின் புற ஊதாக் கதிர் சாமானியமானது அல்ல.

முதல் மாதம் தோல் சற்றுச் சிவக்கும், உரியும். சிலருக்கு உள்ளே இருந்த அடைப்பெல்லாம் மேலே வந்து பரு அதிகமானது போலத் தோன்றும். இந்தச் சமயத்தில்தான் வீட்டில் கலவரம் ஆரம்பிக்கிறது. "டாக்டர் கொடுத்த மருந்தால் முகமே கெட்டுவிட்டது" என்று ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். லேசான உரிதல் எதிர்பார்த்ததே. தடவுவதைக் குறைத்துக்கொண்டு தொடரலாம். தாங்க முடியாத எரிச்சலோ, வீக்கமோ, நீர் வடிவதோ இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து இந்த மருந்தைக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். பென்சாயில் பெராக்சைடு என்ற மருந்தையும் சேர்த்து எழுதியிருந்தால், அதைக் காலையிலும் ட்ரெட்டினாயினை ராத்திரியிலும் வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ட்ரெட்டினாயின் வீரியம் இழக்கும். அடாபலீனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அடுத்தது, பியூட்டி பார்லரில் முகத்துக்கு வாக்ஸிங், ப்ளீச்சிங் செய்துகொள்வதாக இருந்தால் சில நாள் முன்னாலேயே மருந்தை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மேல்தோல் கூடவே வந்துவிடும்.

நம் ஊர்ப் பழக்கங்கள்

தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வைத்துக்கொண்டு தூங்கினால், அது நெற்றியில் இறங்கி ரோமக் கால்களை அடைக்கும். நெற்றியில் மட்டும் பொடிப் பொடியாகப் பரு இருந்தால் எண்ணெயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் ஸ்நானத்தை விடச் சொல்லவில்லை. குளித்து எண்ணெய் போக அலசிவிடுங்கள். தினசரி எண்ணெயை அளவாக வைத்து, தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள்.

ரெட்டினாய்டு தடவும் காலத்தில் பயத்தமாவு, கடலைமாவு போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது. எலுமிச்சம்பழச் சாறும் டூத் பேஸ்ட்டும் பருவின் மேல் வைப்பதை அறவே விட்டுவிடுங்கள். விபூதி, சந்தனம், குங்குமம் இட்டுக்கொள்வதற்குத் தடை இல்லை. தோல் உரியும் நாட்களில் எரிந்தால் மெல்லிசாக இட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ட்யூபில் மூன்று மருந்து

இப்போது முக்கியமான அபாயத்துக்கு வருகிறேன். மருந்துக் கடையில் "முகத்துக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டு வாங்கும் ட்யூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் என்று மூன்று பெயர் இருந்தால் அது பருவுக்கான மருந்து அல்ல. 1975-இல் அதே கிளிக்மன் வகுத்த ஒரு கலவையின் மாற்று வடிவம் அது. கன்னத்தில் படரும் மங்குக்கு, மலையாளத்தில் கரிமங்கல்யம் என்கிறார்களே, அதற்குக் குறைந்த காலத்துக்கு டாக்டர் மேற்பார்வையில் போடுவது. அதிலுள்ள மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு தடவினால் ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், வீக்கம் அமுங்கும். எல்லோரும் என்ன க்ரீம் என்று விசாரிப்பார்கள். அப்படித்தான் அது ஒரு அகத்திலிருந்து இன்னொரு அகத்துக்குப் பரவுகிறது. சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, ரோமம் வளர்ந்து, முன்னைவிட மோசமாகப் பரு வெடிக்கும். நிறுத்தினால் நெருப்பாக எரியும். எரிகிறதே என்று மறுபடி தடவுவார்கள். இந்திய நகரங்களில் 12 மையங்களில் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முகத்தில் தோல் கோளாறு என்று வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அதைப் பருவுக்கு மருந்து என்று நினைத்துத் தடவியவர். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டரே அல்ல. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக, மத்திய அரசு 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது.  ஆகவே பெட்டாமெத்தசோன், மோமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களை நினைவில் வையுங்கள். பருவுக்கென்று வாங்கிய ட்யூபில் இவற்றில் ஒன்று இருந்தால் உபயோகிக்கும்முன் டாக்டரைக் கேளுங்கள். ஏற்கனவே மாதக்கணக்காகத் தடவியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் உடனே போய்க் காட்டுங்கள்.

என்னென்ன இருக்கிறது என்றே எழுதாத சிவப்பழகு க்ரீம்கள் இதைவிட மோசம். மலப்புறம் ஜில்லாவில் கோட்டக்கல் ஆஸ்பத்திரி ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 முதல் 2023 வரை ஒரு அபூர்வ வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் இத்தகைய க்ரீம் தடவியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். காரணம் பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

கல்யாணமும் மாத்திரையும்

பெற்றோர்கள் அவசியம் கேட்க வேண்டிய பகுதி இது. க்ரீமுக்கு அடங்காத, தழும்பு விழும்படியான கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை உண்டு. இதுவும் ரெட்டினாய்டுதான். அமெரிக்காவில் 1982-இல் அனுமதிக்கப்பட்டது. இதற்கு நிகராகப் பருவைக் குணமாக்கும் மருந்து வேறு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரித்தால், சிசுவின் மூளை, இருதயம், காது, முகம் ஆகியவற்றில் கடுமையான ஊனம் ஏற்படக்கூடும். சில நாள் சாப்பிட்டிருந்தாலும் அபாயம் உண்டு. மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் பூர்த்தியாகும்வரை கர்ப்பம் கூடவே கூடாது. அதே காலத்தில் ரத்த தானமும் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம்.

நம் அகங்களில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பெண்ணுக்கு ஜாதகம் எடுக்க ஆரம்பித்ததும் முகத்தைக் கவனிக்கிறோம், வைத்தியம் தொடங்குகிறது. வரன் சீக்கிரமே அமைந்து, இரண்டே மாதத்தில் முகூர்த்தம் வைக்கிறோம். அவள் சென்னையில் வாங்கிய மாத்திரையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புனேக்கோ நியூஜெர்சிக்கோ போகிறாள். எழுதிக் கொடுத்த டாக்டருக்குக் கல்யாண விஷயம் தெரியாது. புது ஊர் டாக்டருக்கு மாத்திரை விஷயம் தெரியாது. மாப்பிள்ளைக்கு இரண்டுமே தெரியாது. "பெண்ணுக்கு ஏதோ வியாதி என்று நினைப்பார்கள்" என்று மறைப்பவர்களும் உண்டு. பரு வியாதியாக மறைக்கத் தக்கது அல்ல; மறைத்தால் வருகிற கஷ்டம் ஒரு பிஞ்சுக் குழந்தையின் தலையில் விடியும்.

எனவே நிச்சயதார்த்தத் தேதி முடிவான அன்றே மருந்து எழுதிய டாக்டருக்குச் சொல்லுங்கள். அவர் மாத்திரையை முன்கூட்டியே நிறுத்துவார், அல்லது கர்ப்பத் தடுப்பு பற்றித் தம்பதிக்குச் சொல்லித் தருவார். டாக்டர் பெண்ணிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்க விரும்பினால் அம்மா வெளியே போய் உட்காருவதில் தப்பில்லை. அம்மா எதிரில் வராத பதில்கள் உண்டு. மீந்த மாத்திரையைத் தங்கைக்கு எடுத்து வைக்காதீர்கள். ஈரல் செயல்பாட்டுக்கும் ரத்தக் கொழுப்புக்கும் டாக்டர் எழுதும் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாத்திரையோடு வைட்டமின் ஏ மாத்திரையோ டாக்ஸிசைக்ளினோ சேர்க்கக் கூடாது. குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து, யாரோடும் பேசாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தடவும் ரெட்டினாய்டு ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. இருந்தாலும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதும், கர்ப்ப காலத்திலும் அதைத் தவிர்ப்பதே முறை. தெரியாமல் சில நாள் தடவியிருந்தால் பதற வேண்டாம். நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொன்னால் போதும்.

சீட்டில் வந்த கேள்விகள்

சில மாமிகள் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதித் தந்திருக்கிறார்கள்.

"அமெரிக்காவில் கடையிலேயே கிடைக்கிறதாமே?" ஆமாம், 2016 முதல் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் அங்கே சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. ட்ரெட்டினாயினுக்கு அங்கேயும் சீட்டு வேண்டும். பிள்ளை வாங்கி அனுப்பினாலும், இங்கே ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. முகத்தில் பொரிவதெல்லாம் பரு அல்ல.

"சாக்லேட், எண்ணெய்ப் பட்சணம் சாப்பிட்டால் பரு வருமா?" எண்ணெய்ப் பட்சணம் முகத்தில் எண்ணெயாக வராது. சீக்கிரம் சர்க்கரையை ஏற்றும் பண்டங்களும், சிலருக்குப் பாலும் பருவைக் கூட்டுகின்றன என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இனிப்பைக் குறைப்பதில் நஷ்டமில்லை.

"எனக்கு 48 வயது. சுருக்கத்துக்குப் பெண்ணின் ட்யூபைத் தடவலாமா?" சுருக்கத்துக்கும் ட்ரெட்டினாயின் கொடுப்பது உண்டு. உங்கள் தோலைப் பார்த்து உங்களுக்கென்று எழுதிய சீட்டோடு தடவுங்கள். பெண்ணின் ட்யூப் பெண்ணுக்கே இருக்கட்டும்.

"பரு போனதும் நிறுத்திவிடலாமா?" உடனே நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும். வாரத்தில் சில நாள் என்று குறைத்து, சில மாதங்கள் தொடரச் சொல்வார் டாக்டர்.

கடைசியாகக் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. பருவைக் கிள்ளாதீர்கள், தழும்புக்கு அதுதான் நேர்வழி. பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அகத்துக்கு வருகிற குழந்தையிடம் "என்ன முகமெல்லாம் இப்படி?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். படிப்பைப் பற்றிக் கேளுங்கள், பாட்டைப் பற்றிக் கேளுங்கள். மருந்து மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். அதுவரை அந்தக் குழந்தை தினமும் நாலு பேரைப் பார்த்தாக வேண்டும்.